புளியங்கொட்டை நிறத்தில் ஒரு ரகசியம்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. தலைக்குச் சாயம் பூசிக்கொள்ளும் இனம் என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள். அது பழைய இனம். அதைக் கேலி செய்து எல்லாரும் களைத்துப் போய்விட்டார்கள். நான் சொல்ல வந்தது அதிலிருந்து கிளைத்து, தாமிரபரணிக்கு இரு கரையிலும் இப்போது நன்றாகச் செழித்திருக்கிற வேறொரு வகை. சலூன் நாற்காலியில் உட்கார்ந்ததும் இவர்கள் சொல்லும் முதல் வாக்கியம், பூசினது யாருக்கும் தெரியக் கூடாது என்பது. எழுந்து தெருவுக்கு வந்ததும் இவர்கள் மனத்தில் எழும் முதல் வருத்தம், ஒருத்தரும் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார்களே என்பது. இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு இவர்கள் படும் பாட்டுக்குப் பெயர்தான் அழகு.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். உள்ளூர் சலூனில் கால் வைக்கமாட்டார்கள். டவுனில் குடியிருப்பவர் பாளையங்கோட்டைக்குப் போய்ப் பூசிக்கொள்வார். பாளையங்கோட்டைக்காரர் டவுனுக்கு வந்து பூசிக்கொள்வார். சாயங்கால நேரத்தில் ஆற்றுப் பாலத்தில் இரண்டு தரப்பும் எதிரும் புதிருமாக ஸ்கூட்டரில் சந்தித்துக்கொள்ளும். எங்கே இந்தப் பக்கம் என்று இவர் கேட்பார், சும்மா ஒரு சோலி என்று அவர் சொல்வார், நீங்க என்று அவர் திருப்பிக் கேட்பார், நானும் சும்மாதான் என்று இவர் சொல்வார். சும்மா போகிறவர்கள் இத்தனை பேர் இருக்கும் ஊர் தமிழ்நாட்டிலேயே வேறு கிடையாது.

சலூனுக்குள் போனால் இவர்களுக்கென்று ஒரு பாஷை. "லேசா", "ஓரத்துல மட்டும்", "இயற்கையா", "வெயில்ல நிக்கும்போது மட்டும் தெரிஞ்சாப் போதும்". நாற்காலியில் இருக்கிறவர் வேலையில் தலைமை எழுத்தராக இருக்கலாம், கணக்கு வாத்தியாராக இருக்கலாம், நாலு ஊரில் உரக்கடை வைத்தவராக இருக்கலாம். துணியைக் கழுத்தில் சுற்றியதும் எல்லாரும் ஒரே குரலில் பேசுவார்கள். இப்போதெல்லாம் யாரும் கருகருவென்று அடித்துக்கொள்வதில்லை. கருப்பாக அடித்தால் ஊர் சிரிக்கும். பழுப்பாக அடித்தால் ஊர் யோசிக்கும். அந்த யோசனைக்காகத்தான் இவ்வளவு செலவும்.

பாளையங்கோட்டையில் முருகன்குறிச்சிப் பக்கம் கடை வைத்திருக்கும் சுபின் இந்த இனத்தின் மனத்தை நன்றாகப் படித்தவன். சென்னையில் தொழில் பழகிவிட்டு வந்த புதிதில், வெளிநாட்டு நிற அட்டையை அப்படியே சுவரில் மாட்டி வைத்தான். அதிலிருந்த பெயர்களை யாராலும் உச்சரிக்க முடியவில்லை. உச்சரிக்க முடியாததை எப்படித் தலையில் வைத்துக்கொள்வது? வந்தவர்கள் முடி மட்டும் வெட்டிக்கொண்டு போனார்கள். சுபின் ஒரு நாள் உட்கார்ந்து எல்லா நிறத்துக்கும் வேறு பெயர் எழுதி ஒட்டினான். கல்யாண மாதங்களுக்குக் கருப்பட்டி. சாரல் காலத்துக்குப் புளியங்கொட்டை. ஐப்பசி மழைக்குச் சுக்குக் காப்பி. கிறிஸ்துமஸுக்கு நாவல்பழம். சீசனுக்கு ஒரு நிறம் என்று கண்ணாடிக்கு மேலே பலகையும் வைத்தான். அதன் பிறகு கடையில் உட்கார இடம் கிடைப்பதில்லை. தலைக்குச் சாயம் என்றால் கூச்சப்படுகிறவர்கள்கூடக் கருப்பட்டி என்றால் வீட்டுச் சாமான்தானே என்று தலையைக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆண்கள்தான் இப்படி என்று பெண்கள் சந்தோஷப்பட வேண்டாம். பாளையங்கோட்டையில் கரோலின் என்று ஓர் ஆசிரியை. போன கிறிஸ்துமஸுக்கு நாவல்பழ நிறத்தில் நாலே நாலு இழை போட்டுக்கொண்டார். வெயில் பட்டால் மட்டும் தெரியும் நிறம், வேண்டுமென்றே கேட்டு வாங்கினது. பண்டிகை ஆராதனை விடியுமுன்பே தொடங்கிவிடும் என்பதை மட்டும் யோசிக்க மறந்துவிட்டார். கோயிலைச் சுற்றி ஒரே இருட்டு. ஆராதனை முடிந்து வெளிச்சம் வந்தபோது மேகமும் கூடவே வந்தது. அந்த அம்மாள் வளாகத்து வேப்பமரத்தடியை விட்டு வெட்டவெளிக்கு வந்து, மதியம் வரைக்கும் சூரியனுக்காகக் காத்து நின்றார். எல்லாரும் அவரைப் பக்தி மிகுந்தவர் என்று சொல்லிவிட்டுப் பிரியாணி சாப்பிடப் போனார்கள்.

ஆனால் இந்த இனத்துக்கே திலகம் என்று சொல்லத்தக்கவர் திருநெல்வேலி டவுன் காந்திமதிநாதன். கொக்கிரகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது என்று அவர் சொல்வார்; மூன்று வருடம்தான் இருக்கிறது என்று மற்றவர்கள் சொல்வார்கள். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனா, தலையில் நரை. அந்த நரையைப் பற்றி அவர் இந்த வைகாசி வரைக்கும் கவலைப்பட்டதே இல்லை. மண்டைக்கு உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டும் என்று பிறருக்குப் புத்தி சொன்னவர்.

வைகாசியில் ஆழ்வார்குறிச்சியில் தங்கை மகள் சுப்ரஜாவுக்குக் கல்யாணம். காந்திமதிநாதன் தாய்மாமன். பட்டு வேட்டி, தோளில் சரிகைத் துண்டு, சீர்த்தட்டு என்று காலையிலிருந்து மண்டபம் முழுவதும் அவர் நடமாட்டம்தான். தாலி கட்டி முடிந்து படம் எடுக்கிற நேரம். மைக்கைக் கையில் வைத்திருந்த படக்காரன், மணப்பெண்ணின் தாத்தாவை மேடைக்கு அழைத்தான். யாரும் போகவில்லை. எப்படிப் போவார்கள், தாத்தா காலமாகி வெகுகாலம் ஆயிற்றே. படக்காரன் மறுபடியும் அழைத்து, இந்தத் தடவை விரலாலும் காட்டினான். விரல் காந்திமதிநாதனை நோக்கி நின்றது.

மண்டபம் சிரித்தது. அதை அவர் மன்னித்துவிட்டார். சுப்ரஜாவே மாலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். அதையும் மன்னித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி பாலம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கைப்பையில் எதையோ தேடிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்.

"கூப்பிடுதாங்கள்லா, போங்க."

அந்த வார்த்தை அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. படக்காரனுக்கு ஆள் தெரியாது, சரி. கட்டின மனைவிக்கும் தாத்தா என்று கூப்பிட்டதில் ஒரு தப்பும் தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம்? சண்டை போட்டிருந்தால் தேவலை. சிரித்திருந்தாலும் தேவலை. அவள் தன்னைக் கடைசியாக எப்போது நிமிர்ந்து பார்த்தாள் என்று ஊருக்குத் திரும்பும் பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தார். அம்பாசமுத்திரம் தாண்டி, சேரன்மகாதேவி தாண்டி, பேட்டையும் வந்துவிட்டது, ஞாபகம் மட்டும் வரவில்லை. மகன் கார்த்திகேசன் வேலைக்கென்று பெங்களூர் போன பிறகு வீட்டில் இருப்பது இரண்டே பேர். அந்த இரண்டு பேரில் ஒருவர் இன்னொருவரைப் பார்க்கவில்லையென்றால் அந்த வீட்டில் இருப்பது யார்? அவள் ஒரு தடவை தன்னைப் பார்த்து, என்னங்க, இன்னைக்கு நல்லா இருக்கீங்களே என்று சொல்லிவிட வேண்டும். அது போதும். ஓய்வூதியம்கூட அப்புறம்தான்.

கேட்டு வாங்கலாமே என்பீர்கள். கேட்கலாம். ஆனால் கேட்டு வாங்கினால் அது பாராட்டா, பஞ்சப்படியா?

ஆனி மாதம். சாரல் விழ ஆரம்பித்திருந்தது. வெள்ளிக்கிழமை நெல்லையப்பருக்குத் தேரோட்டம், உள்ளூர் விடுமுறை. வியாழக்கிழமை சாயங்காலம் காந்திமதிநாதன் அலுவலகத்திலிருந்து வீட்டுப் பக்கம் திரும்பாமல், சும்மா ஒரு சோலியாக எதிர்த்திசையில் போனார். சுபினின் கடைக்கு எதிரே மருந்துக்கடை ஒன்று. முதலில் அதற்குள் போய் இருமல் மிட்டாய் வாங்கினார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, மழைக்கு ஒதுங்குகிறவர் மாதிரி சலூனுக்குள் ஒதுங்கினார். அந்த நேரத்தில் மழை இல்லை என்பது வேறு விஷயம்.

சுபினுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. லேசாகவா என்று அவனே கேட்டான். ஆமாம் என்றார். தெரியக் கூடாதா என்றான். ஆமாம் என்றார். பலகையைக் காட்டி, இந்தச் சீசனுக்குப் புளியங்கொட்டைதான் போய்க்கொண்டிருக்கிறது, நரையை ஒரேயடியாக மூடாமல் ஊடே கலந்து நிற்கும், பார்த்தவர்களுக்கு இளமை தெரியும், காரணம் தெரியாது என்றான். காரணம் தெரியாத இளமை! காந்திமதிநாதன் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்தார்.

கண்ணைத் திறந்தபோது கண்ணாடியில் இருந்தவர் தாய்மாமன்தான், சந்தேகமே இல்லை. பார்த்தால் அரசு வேலை பாதிகூட முடியாதவர் மாதிரி இருந்தார். முகத்தை இடப்பக்கம் திருப்பினார், வலப்பக்கம் திருப்பினார், படக்காரனை மனத்துக்குள் கூப்பிட்டு ஒரு தடவை முறைத்தார். சுபின் துணியை உதறிக்கொண்டே எச்சரித்தான்.

"அண்ணாச்சி, ஒரு வாரத்துக்கு எண்ணெய் வைக்காதீங்க. சீயக்காய் பக்கமே போகாதீங்க. இது லேசான சாயம், இன்னும் பிடிக்கல. மீறிப் பட்டுச்சுன்னா பூசினது பூரா தோளுக்கு இறங்கிரும்."

சரி சரி என்று தலையாட்டினார். இந்த இனத்துக்குச் சந்தோஷத்தில் காது கேட்காது.

வீட்டுக்கு வந்ததும் முன்னறையில் ஒரு விளக்குக்கு இரண்டு விளக்காகப் போட்டுக்கொண்டு, அதற்கு நேர் கீழே உட்கார்ந்தார். செய்தித்தாளை விரித்துத் தலையை நன்றாகக் குனிந்து படித்தார். காலையில் படித்த அதே செய்தித்தாள். பாலம்மாள் தோசை கொண்டுவந்து வைத்தாள். சட்னி கொண்டுவந்து வைத்தாள். அவர் நிமிர்ந்தார், குனிந்தார், கையால் முடியைக் கோதினார், விரலில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று ரகசியமாகப் பார்த்துக்கொண்டார். இன்னொரு தோசை போடட்டுமா என்று அவள் கேட்டாள். தோசை பற்றி அவருக்கு அபிப்பிராயம் ஏதும் இல்லை.

இந்த இனத்தைச் சேராதவர் யாராவது இந்த இடத்தில் வாய்விட்டுக் கேட்டுத் தொலைத்திருப்பார். ஆனால் இந்த இனத்தின் தர்மசங்கடமே அதுதான். தெரியவில்லையா என்று கேட்டால், பூசினதை ஒப்புக்கொண்டதாகும். கேட்காவிட்டால், பூசினதே வீண். அன்றிரவு காந்திமதிநாதன் வீணாய்ப் போவதையே தேர்ந்தெடுத்தார்.

மறுநாள் தேர். ஊரே வீதிக்கு வரும் நாள். நம்முடைய அண்ணாச்சி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தொப்பியோ துண்டோ எதுவும் தலைக்குப் போடாமல், தூறல் விழும்போதெல்லாம் சாயத்துக்குப் பயந்து கடை ஓரமாக ஒதுங்கியும், தூறல் நின்றதும் வெயில் தேடி வீதி நடுவுக்கு வந்தும், நாலு ரத வீதியும் சுற்றினார். தெரிந்தவர்கள் ஏராளமாகக் கிடைத்தார்கள். ஆனால் பாருங்கள், தேரோட்டத்தன்று ஊர் முழுவதும் அண்ணாந்து தேரைப் பார்க்கும். அவ்வளவு உயரத்துக்குத் தேர் ஒன்று அசைந்து வரும்போது, பக்கத்தில் நிற்கிறவனின் தலையை யார் பார்ப்பார்கள்? நாள் தேர்ந்ததில் அவர் செய்த பிழை அது. சுவாமியோடு போட்டிக்கு நின்றால் அப்படித்தான்.

கடைசியில் வாகையடி முக்கில் எலியேசர் அகப்பட்டார். அதே அலுவலகத்தில் பக்கத்து மேசை, பாளையங்கோட்டைக்காரர், வருடம் தவறாமல் தேர் பார்க்க டவுனுக்கு வந்துவிடுவார். தலை முழுக்கத் தும்பைப்பூ வெள்ளை. அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லாத மனுஷர். காந்திமதிநாதன் செருப்பு வாரைச் சரி செய்வதாகச் சொல்லி அவர் முன்னால் குனிந்து, நெடுநேரம் குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்தபோது எலியேசர் அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வே, ஏதோ மாறியிருக்கீரே. கண்ணாடி மாத்திட்டீரா?"

"இல்லையே."

"மீசைய எடுத்துட்டீரோ?"

"எனக்கு எப்ப வே மீசை இருந்துச்சு?"

எலியேசர் இன்னும் நெருங்கி வந்து, தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். சொல்லப் போகிறார், இதோ சொல்லப் போகிறார் என்று காந்திமதிநாதன் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பைத் தயார் செய்து வைத்துக்கொண்டார். பாராட்டு வந்ததும் அதைத் தட்டிவிட வேண்டிய சிரிப்பு.

"கண்டுபிடிச்சிட்டேன். மெலிஞ்சிட்டீரு. சுகர் பாத்தீரா?"

பிறகு எலியேசர் விட்டபாடில்லை. தன் மனைவி இன்பமணி பாகற்காய்ச் சாறு கொடுத்துத் தன்னைக் காப்பாற்றிய கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். காலில் எரிச்சல் உண்டா என்று விசாரித்தார். திங்கட்கிழமை வெறும் வயிற்றில் பரிசோதனைக்குப் போவதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் ஆளை விட்டார். இளமையாகத் தெரிய வேண்டும் என்று கிளம்பிய ஒரு மனிதர் நோயாளியாக வீடு திரும்பினார்.

அடுத்து வந்தது சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் அந்த வீட்டில் ஆண்பிள்ளைக்கு எண்ணெய்க் குளியல். அவருக்கு ஞாபகம் தெரிந்த நாள்முதல் நடக்கிறது, காய்ச்சல் வந்தாலொழிய நிற்பதில்லை. காலையில் அடுக்களையிலிருந்து நல்லெண்ணெய் காயும் வாசனை வந்தது. கூடவே மிளகும் சீரகமும் பொரியும் சத்தம். அப்போதுதான் சுபின் சொன்னது அவர் காதில் முதல் தடவையாக விழுந்தது.

இனி நடந்ததை அனுதாபத்தோடு கேளுங்கள். எண்ணெய் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். உண்மையான காரணத்தைச் சொன்னால் ரகசியம் போய்விடும். சளி பிடித்த மாதிரி இருக்கிறது என்றார். மிளகு அதற்குத்தான் என்றாள் பாலம்மாள். கழுத்துப் பிடிப்பு என்றார். சூடாக வைத்தால் விட்டுவிடும் என்றாள். வெளியே சாரலாக இருக்கிறதே என்றார். சாரல் காலத்தில்தான் உடம்பில் சூடு உள்ளே இறங்கும் என்றாள். எந்த நோயைச் சொன்னாலும் அதற்கு மருந்து அந்தக் கிண்ணத்திலேயே இருந்தது. அலுவலகத்தில் முக்கியமான வேலை என்று அவர் சொன்னபோது அவள் நாள்காட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

துண்டைக் கட்டிக்கொண்டு புறவாசலில் மணை போட்டு உட்கார்ந்தார். பாலம்மாள் பின்னால் நின்று உச்சியில் எண்ணெயை வைத்தாள். பரபரவென்று தேய்த்தாள். வழக்கத்தைவிட அன்றைக்குக் கூடுதலாகவே தேய்த்தாள் என்று அவருக்குத் தோன்றியது. கழுத்தில் ஏதோ வழிந்தது, கையால் தொட்டுப் பார்த்தார், பழுப்பு. உடனே கையைத் துண்டில் துடைத்தார், துண்டு வெள்ளை. ஊற வைத்து, சீயக்காயும் போட்டு, அவள் முதல் செம்புத் தண்ணீரை ஊற்றியபோது, புளிக்கரைசல் மாதிரி ஒரு ஓடை அவர் கால்களுக்கு நடுவே புறப்பட்டு, துவைகல்லைச் சுற்றிக்கொண்டு, வாழைமரத்தை நோக்கிப் போயிற்று. சுபினின் கைவண்ணம் அத்தனையும் வாழைக்குப் போகிறது. அவள் வாய் திறக்கவில்லை. இரண்டாவது செம்பு. அதற்கும் ஒன்றும் இல்லை. காந்திமதிநாதன் அவமானத்துக்குத் தயாராகத்தான் இருந்தார். மௌனத்துக்குத் தயாராக இல்லை. என்ன கல்நெஞ்சு இது, தலையில் வண்ணமே கரைந்து ஓடுகிறது, இதையும் பார்க்காதவள் இனி எதைப் பார்க்கப் போகிறாள்? கோபம் வந்துவிட்டது. இனத்தின் சட்டத்தை மீறி, கேட்டேவிட்டார்.

"ஒனக்கு ஒண்ணுமே தெரியலையா?"

"எது?"

"தலை."

"வியாழக்கிழம நீங்க வாசல் ஏறும்போதே பாத்தேன். யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான பூசிட்டு வந்திருக்கீங்க. அதான் கேக்கல."

அப்படியானால் எண்ணெயை ஏன் வைத்தாய் என்று ஒருவாறு கேட்டார். இப்போதாவது சொல்கிறீர்களா என்று பார்த்தேன் என்றாள். குரலில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டே பேசுகிற குரல். நன்றாக இருந்ததா என்று அவர் கேட்டார். அந்த வயதில் அந்தக் கோலத்தில் ஒருவர் அதைக் கேட்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள். பிறகு, இன்னொரு கை சீயக்காய் எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள்: "கார்த்தி பெங்களூர் போனதுலருந்து வெள்ளிக்கிழம நான் எண்ணெய் தேய்க்கல. ஏன்னு கேட்டீங்களா?"

வெள்ளிக்கிழமை பெண்களுக்கு எண்ணெய்க் குளியல். அது தெரியும். நேற்றும் வெள்ளிக்கிழமைதான், அவர் தன் தலையைத் தூக்கிக்கொண்டு தேருக்குப் போய்விட்டார். அதற்கு முந்தின வெள்ளி? அதற்கும் முந்தினது? மனைவி எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாளா இல்லையா என்று கண்காணிப்பாளருக்குக் கண்காணிக்கத் தெரியவில்லை. அவள் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாக வந்தது. சந்திப்பிள்ளையார் முக்கில் இருக்கிற பார்லரில்தான், ஒளிவுமறைவெல்லாம் இல்லை, பட்டப்பகலில் போய் அவளும் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வருவாளாம். பண்டிகைக்கு ஒரு நிறம். எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டு அதே நிறம் கேட்டாளாம். பால்காரர்கூட ஒரு தடவை, அக்கா ஆளே மாறிட்டீங்களே என்றாராம்.

"போன தீபாவளிக்குச் செவப்பே போட்டிருந்தேன். ஒங்களுக்கு நேர நின்னுதான் பலகாரம் குடுத்தேன். முறுக்குல உப்பு கூடிட்டுன்னு சொன்னீங்க."

சிவப்பு! சிவப்புத் தலையோடு ஒருத்தி எதிரே நின்றிருக்கிறாள். இவர் முறுக்கைப் பார்த்திருக்கிறார். காந்திமதிநாதனுக்கு அந்த நிமிடம் திரும்பி அவளைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அவ்வளவு வருத்தமாகவும் வெட்கமாகவும் இருந்தது. ஆனால் தலை முழுக்கச் சீயக்காய். கண்ணைத் திறந்தால் எரியும். எத்தனையோ வருடம் கண் நன்றாக இருந்தபோதெல்லாம் பார்க்காதவருக்கு, பார்க்க ஆசை வந்தது இந்த நேரத்தில்தான். அவர் திறந்தார். எரிந்தது. நீர் வழிய வழியத் திரும்பி, கலங்கலாகத் தெரிந்த பாலம்மாளின் தலையைப் பார்த்து, இந்தத் தடவை தப்பவிடக் கூடாது என்று அவசரமாகச் சொன்னார்.

"கருப்பட்டி."

"நரை," என்றாள் அவள். "சித்திரையோட நிறுத்திட்டேன்."

"ஏன் பாலா?"

"யாரு பாக்கா?"

அவர் இமைகளைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். வகிட்டின் இரண்டு பக்கமும் வெள்ளை இறங்கி வந்திருந்தது. அதற்குக் கீழே பழைய சாயம் வெளுத்துப் போய், எந்தப் பண்டிகையினுடையது என்று சொல்ல முடியாத நிறத்தில் நின்றது. கல்யாண மண்டபத்திலும் இதே தலைதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. தன்னைத் தாத்தா என்றார்களே என்று பேருந்து முழுக்க வெந்துகொண்டு வந்தாரே, அப்போதும் தோளுக்கு அருகே இதே தலைதான் இருந்தது.

"நான் பாக்கேன்," என்றார்.

"சீயக்காயோட தெரிஞ்சது வரைக்கும் பாத்தாச்சுல்லா. மிச்சத்தைக் குளிச்சிட்டு வந்து பாருங்க."

அடுத்த செம்புத் தண்ணீரை அவள் கொஞ்சம் பையத்தான் ஊற்றினாள்.

இவ்வளவு நேரம் காந்திமதிநாதனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நல்லது. சலூன் பக்கமே நான் போனதில்லை, எனக்கும் இந்த இனத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மெத்த நல்லது. உங்கள் தலையைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. அதில் இருப்பது கருப்பட்டியோ புளியங்கொட்டையோ, அது உங்கள் பாடு. ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு எழுந்துகொள்கிறேன். இன்று காலை உங்களோடு உட்கார்ந்து காப்பி குடித்தாரே ஒருவர், அவருக்கு வகிடு எந்தப் பக்கம்?

எட்டிப் பார்க்காமல் சொல்ல வேண்டும்.